துடித்த கட்டி: ரத்தநாளக் கோளாறு என்று நான் எழுதிய ஒரு தொடைச் சர்கோமா

காரைக்குடிப் பக்கம் பலகாரம் சுடும் வீடுகளுக்குள் போனவர்களுக்கு அந்த உட்காரும் முறை தெரிந்திருக்கும். தரையில் சம்மணம், முன்னால் வெள்ளைத் துணி, பக்கத்தில் மாவுச் சட்டி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் திருகித் திருகிக் கைமுறுக்கு சுற்றிக்கொண்டே போவார்கள். கல்யாண ஆர்டர் இருக்கும் மாதங்களில் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். அப்படி உட்கார்ந்திருந்த 23 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு நாள் இடது தொடையின் உட்பக்கம் ஏதோ முட்டுவதுபோல் இருந்தது. காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் முட்டியது.

வலி இல்லை. காய்ச்சல் இல்லை. அடிபட்ட ஞாபகமும் இல்லை. வீட்டில் அப்பத்தா தடவிப் பார்த்துவிட்டு, "நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது, எண்ணெய் போட்டு நீவுனாச் சரியாப் போகும்" என்றார். சில வாரம் நீவினார்கள். பலகார வீட்டு ஆச்சிதான், "இனிமே நீவாதடி, டாக்டர்ட்டப் போய்க் காமி" என்று அனுப்பி வைத்தவர். அப்படித்தான் அவர் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் மையத்துக்கு ஓர் ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தார்.

நான் கதிரியக்க மருத்துவர். இந்த நிகழ்வின் நுண்ணோக்கிப் பகுதி முழுவதும் மதுரையில் திசு நோயியல் பார்க்கும் என் சீனியர் சொல்லிக் கொடுத்தது. நோயாளியின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் தவறவிட்ட இடத்தை மட்டும் மாற்றவில்லை.

முதல் டாப்ளர்

தொடையின் கீழ்ப் பாதியில், உட்பக்கப் பெருந்தசைக்குள் கட்டி இருந்தது. 4.6 × 3.5 × 3.1 செ.மீ. கையை வைத்தால் லேசாகத் துடித்தது. அல்ட்ராசவுண்டில் ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் டாப்ளர் பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பும் நீலமும். தமனிகளில் ஓட்டம் வேகமாக இருந்தது, எதிரே தடை குறைவு. பக்கத்துச் சிரைகள் விரிந்து கிடந்தன. நான் எழுதிய முடிவு இது: "அதிவேக ஓட்டமுள்ள ரத்தநாளக் கோளாறு. ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. தேவைப்பட்டால் எம்ஆர்ஐ."

இந்தப் பெண்ணின் எட்டு மாதங்கள் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் போயின. அதனால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

"ரத்தநாளக் கோளாறு" என்பது பிறக்கும்போதே உள்ள கட்டமைப்புப் பிழை. தமனியும் சிரையும் இடையில் நுண்குழாய் வலை இல்லாமல் நேரடியாகக் கோத்துக்கொண்டிருக்கும். பூப்பெய்தும் வயதிலோ, கர்ப்பத்திலோ, அடிபட்ட பிறகோ அது பெரிதாகி வெளியே தெரியவரலாம் என்பது உண்மை. இவரிடம் அப்படி எந்தக் காரணமும் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் இந்தத் தொடையில் ஒன்றும் இருக்கவில்லை என்று அவரே சொன்னார். அதைக் குறித்துக்கொண்டேன், யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை படத்திலேயே இருந்தது. எட்டு மாதம் கழித்து அந்தப் பழைய படங்களைத் திறந்து, கலர் இல்லாத கறுப்பு வெள்ளைச் சட்டங்களைத் தனியாகப் பார்த்தேன். வட்டம் வட்டமாகப் புடைத்த, சுற்றியுள்ள தசையைவிடக் கறுத்த, திடமான ஒரு திசு அங்கே தெளிவாக உட்கார்ந்திருந்தது. தமனி சிரைக் கோளாறில் குழாய்கள்தான் இருக்கும். குழாய்களுக்கு நடுவே கொஞ்சம் கொழுப்போ தசையோ கிடக்கும், தனியாக ஒரு கட்டி இருக்காது. இங்கே கட்டி இருந்தது. அதன் மேல் நான் கலரை ஊற்றி மறைத்துவிட்டேன். கலர் போட்ட பிறகு கண் ஓட்டத்தை மட்டுமே பார்க்கிறது. பின்னால் இருக்கும் திசு மூளைக்கு எட்டுவதில்லை. இப்போதெல்லாம் துடிக்கும் கட்டி என்று யார் வந்தாலும், கலரைத் தொடாமல் முழுக் கட்டியையும் ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்து, படத்தைச் சேமித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன்.

மூன்றாவது வாக்கியம் "தேவைப்பட்டால்". எம்ஆர்ஐ செலவை நினைத்துக் கருணையோடு எழுதியதாகத்தான் அன்று நினைத்தேன். அந்த வீட்டில் அதைத் "தேவையில்லை" என்று படித்தார்கள். ஒரு நாள் கூலியை வைத்து நாளைக் கணக்குப் போடும் குடும்பம் வேறு எப்படிப் படிக்கும்? காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருந்தது. அரசு மருத்துவமனையில் எடுத்திருக்க வழியும் இருந்தது. "எம்ஆர்ஐ அவசியம்" என்று நான் எழுதியிருந்தால் எடுத்திருப்பார்கள்.

பங்குனியில் வந்தபோது

திரும்ப வந்தது பங்குனியில். குன்றக்குடிக்கு வேண்டுதலுக்காகப் போய் மலைப்படி ஏறி இறங்கியதில், இரண்டு நாள் தொடை கனத்துக் கிடந்ததாம். "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா உள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். கட்டி இப்போது கண்ணுக்கே தெரிந்தது. கையை வைத்தால் துடிப்போடு ஓர் அதிர்வும் வந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது இரைச்சல் கேட்டது. அன்றைக்கே எம்ஆர்ஐக்கு ஏற்பாடு செய்தேன்.

எம்ஆர்ஐயில் கட்டியின் அளவு 7.3 × 5.4 × 4.9 செ.மீ. எட்டு மாதத்தில் கொள்ளளவு ஏறக்குறைய நான்கு மடங்கு.

எம்ஆர்ஐயில் எடுக்கும் ஒரு வகைப் படமான டி1-இல் கட்டி பக்கத்துத் தசையைவிட ஒரு பங்கு வெளுத்துத் தெரிந்தது. முதலில் கண்ணில் பட வேண்டியது இதுதான். தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுகளான சர்கோமாக்களில் பெரும்பாலானவை டி1-இல் தசையின் நிறத்திலேயே இருக்கும், சில நேரம் அதைவிடக் கறுத்திருக்கும். கொழுப்போ, பழைய ரத்தக் கசிவோ, மெலனினோ, மெதுவாக நகரும் ரத்தமோ இருந்தால்தான் வெளுப்பு வரும். கொழுப்பை அடக்கிய வரிசையிலும் வெளுப்பு போகவில்லை. ஆகவே கொழுப்பு இல்லை.

இன்னொரு வகையான டி2-இல் நன்றாகவே பளிச்சிட்டது. அந்தப் பளிச்சென்ற பரப்பின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கறுப்புக் கயிறுகள்போல் பருத்த நாளங்கள். வேகமாக ஓடும் ரத்தம் படம் எடுப்பதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிடுவதால், சிக்னல் தராமல் கறுப்பாகவே தெரியும். கட்டிக்குள்ளும் ஆங்காங்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்தன. ஆழ்தொடைத் தமனியின் கிளைகள் தடித்து வந்து மேல் முனையில் நுழைந்தன. காடோலினியம் என்ற சாய மருந்தை ரத்தத்தில் ஏற்றியதும் சில நொடிகளில் கட்டி முழுவதும் நிறைந்து வெளுத்தது. நடுவில் 1.5 செ.மீ. அளவுக்கு ஓர் இடம் மட்டும் மருந்தை ஏற்காமல் இருண்டு நின்றது. தொடை எலும்பில் பாதிப்பு இல்லை. தொடைத் தமனியும் நரம்பும் கட்டியிலிருந்து ஒரு மெல்லிய கொழுப்பு அடுக்கால் பிரிந்தே இருந்தன.

துடிக்கும், ரத்தம் நிறைந்த தொடைக் கட்டி என்றால் மனதில் நிறுத்த வேண்டியவை சில. தமனி சிரைக் கோளாறைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இங்கே திடமான கட்டி இருப்பதால் அது விலகிவிடுகிறது. தசைக்குள் வரும் ஹெமான்ஜியோமா என்ற ரத்தநாளக் கட்டியில் நாளங்களுக்கு நடுவே கொழுப்பு நிறைய இருக்கும், சிரைக்கற்கள் இருக்கும், ஓட்டம் பொதுவாக மந்தம். இவரிடம் கல்லும் இல்லை, கொழுப்பும் இல்லை. தனித்த நார்க்கட்டி எனப்படும் சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமரிலும் பருத்த நாளங்கள் உண்டு. அது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களிடம் வருவது, டி1-இல் இப்படி வெளுக்காது. சிறுநீரகப் புற்று பரவி வந்த கட்டியும் இதே உருவத்தில் துடிக்கும். இந்த வயதில் அது அரிது என்றாலும், சிறுநீரகத்தைப் பார்க்காமல் அதை ஒதுக்க முடியாது.

இளம் பெண், தொடையின் ஆழத் தசை, வலியில்லாத வளர்ச்சி, டி1 வெளுப்பு, இரு முனைகளிலும் பருத்த நாளங்கள். இத்தனையும் ஒன்றாக வரும் நோய் ஒன்றுதான் எனக்குத் தெரியும்: ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சர்கோமா. மென்திசுச் சர்கோமாக்கள் மொத்தமே அரிது. அவற்றிலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு இது. நான் படித்ததெல்லாம் புத்தகத்தில்தான். அறிக்கையில் முதல் சாத்தியமாக அதையே எழுதினேன். கீழே, "முந்தைய டாப்ளர் அறிக்கையின் முடிவைத் திருத்திக் கொள்ளவும்" என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஊசி போகும் வழி

ரத்தம் நிறைந்த கட்டிக்குள் ஊசி விடலாமா என்று பலரும் தயங்குவார்கள். இந்தக் கட்டிகள் வெறும் ரத்தநாளம் என்று நினைத்து நாளத்தைச் சுருக்கி மூடும் ஸ்கெலரோதெரபி ஊசி போடப்படுவதும், சிறிய தியேட்டரில் வைத்துத் திறக்கப்படுவதும் அந்தத் தயக்கத்தின் மறுபக்கம்தான். திறந்தால் ரத்தம் நிற்காது. நின்றாலும் கட்டியின் செல்கள் தசை அடுக்குகளில் சிந்திவிடும், பிறகு எதை வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. தடித்த ஊசியால் துண்டு எடுக்கும் பயாப்ஸியில் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். பெரிய நாளங்கள் இரு முனைகளிலும் இருக்கின்றன என்று படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், நடுப்பகுதியின் ஓரத்திலிருந்து எடுக்கலாம்.

ஊசி போகும் தடத்தை அறுவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். பின்னால் கட்டியோடு சேர்த்து அந்தத் தடத்தையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். சென்னையில் சர்கோமா பார்க்கும் அறுவை மருத்துவரிடம் படங்களை அனுப்பிப் போனில் பேசினோம். "முன் தசையைத் தொடாதீங்க, உட்பக்கத் தசைக்குள்ளயே போய் அதுக்குள்ளயே திரும்புங்க, என் வெட்டுக்கோட்டுல இருங்க" என்றார். திருப்பத்தூர், மேலூர் வழியாக பஸ்ஸில் மதுரை போய், அங்கே அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே 16 கேஜ் ஊசியில் நான்கு துண்டுகள் எடுத்தார்கள். இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். சிறு கன்றிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதே வாரத்தில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி எடுத்தார்கள். சிறுநீரகங்கள் இரண்டும் சுத்தம். நுரையீரலில் வலது கீழ் மடலில் 6 மி.மீ., இடது கீழ் மடலில் 4 மி.மீ. என இரண்டு சிறு முடிச்சுகள். மூளைக்கும் எம்ஆர்ஐ எடுத்தோம். மற்ற மென்திசுச் சர்கோமாக்கள் பெரும்பாலானவற்றில் மூளைப் படம் வழக்கமில்லை. இந்த நோய் மூளைக்குப் போவது அவற்றைவிட அதிகம் என்பதால், இதில் அது தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறது. மூளை சுத்தமாக இருந்தது.

வலது கீழ் மடலின் அந்த 6 மி.மீ. புள்ளியை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஆடியில் நெஞ்சுப் படமே எடுக்கவில்லை, ஒப்பிட என்னிடம் ஒன்றுமில்லை.

முற்றமும் வளவும்

நான் பயாப்ஸி முடிவைப் போனில் கேட்டு எழுதிக்கொள்பவன். இந்த முறை மதுரைக்கே போய், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியில் என் சீனியர் மேடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் தேவகோட்டையில் பிறந்தவர். ஸ்லைடை வைத்து ஒரு நிமிடம் நகர்த்திவிட்டு, "நம்ம ஊர் வீட்டையெல்லாம் மேலேர்ந்து பார்த்த மாதிரி இல்ல?" என்றார்.

அப்படியேதான் இருந்தது. செட்டிநாட்டு வளவு வீட்டை மேலிருந்து பார்த்தால் நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வளவு எனப்படும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நேர் தெரு. ஸ்லைடில் பெரிய பெரிய செல்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் ஓரத்துச் செல்கள் சுவரைப் பிடித்து வரிசையாக நிற்க, நடுவில் இருந்தவை ஒட்டுதல் விட்டு உதிர்ந்து, முற்றம்போல் வெற்றிடம். நுரையீரலின் காற்றறைகளை நினைவூட்டும் அந்த வெற்றிடத்தால்தான் ஆல்வியோலார் என்ற பெயர். கூட்டங்களுக்கு நடுவே தெருக்கள்போல் ஓடியவை மெல்லிய சுவர் கொண்ட ரத்தக் குழாய்கள். தசையே இல்லாத சுவர், ஒரே ஓர் அடுக்கு உட்புறச் செல்கள் (எண்டோதீலியம்).

எம்ஆர்ஐயில் நான் பார்த்தவையெல்லாம் இங்கே இடம் பிடித்தன. எந்தச் செல்லுக்கும் ஒரு தெரு தூரத்துக்குள் ரத்தம் இருப்பதால்தான் காடோலினியம் நொடிகளில் கட்டியை நிறைத்தது. இந்தச் சிறு தெருக்களில் ரத்தம் மெல்ல நகர்வதால்தான் டி1-இல் அந்த வெளுப்பு. இத்தனை தெருக்களிலிருந்தும் வரும் ரத்தம் வெளியேற வாய்க்கால் வேண்டும். கட்டியின் விளிம்பில் பருத்துக் கிடந்த நாளங்கள் அதற்குத்தான். டாப்ளரில் திரையை நிறைத்து என்னை ஏமாற்றியவையும் அவையே. நடுவில் மருந்தேறாத இடம் பயாப்ஸியில் வரவில்லை. பின்னால் அறுவைத் துண்டில் அது ரத்தக் கசிவோடு கூடிய அழுகலாக இருந்தது.

செல்கள் ஒவ்வொன்றும் பலகோண வடிவம், இளஞ்சிவப்புக் குருணையான சைட்டோபிளாசம், உருண்டை நியூக்ளியஸ், நடுவில் கண்மணிபோல் ஒரு நியூக்ளியோலஸ். பிரியும் செல்களைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். நான்கு துண்டுகளிலும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் மேடத்துக்கு அகப்பட்டது. அடுத்து அவர் வைத்த ஸ்லைடு, டயஸ்டேஸ் போட்டுக் கிளைக்கோஜனை நீக்கிய பிறகு பிஏஎஸ் சாயம் ஏற்றியது. சில செல்களுக்குள் மஜெந்தா நிறத்தில் ஊசிகளும் சாய்சதுரங்களும் மின்னின. இந்தப் படிகங்கள் இந்தக் கட்டியின் முத்திரை. எம்சிடி1 என்ற கடத்திப் புரதமும் அதைத் தாங்கும் சிடி147 புரதமும் செல்லுக்குள் குவிந்து படிகமானவை அவை என்று 2002-இல் கண்டறியப்பட்டது. எல்லாக் கட்டியிலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேடிப் பார்த்துத் தெரியும்போது, மேடம் முகத்தில் வந்ததே ஒரு நிம்மதி, அது எனக்கும் தொற்றியது.

ஆனால் அவர் படிகத்தோடு நிறுத்துபவர் இல்லை. கூடு கூடாக நிற்கும் இளஞ்சிவப்புச் செல்கள் என்றால் குழப்பிவிடக்கூடிய கட்டிகள் பல. ஒவ்வொரு கட்டிக்கும் உரிய புரதங்களை மட்டும் நிறமேற்றிக் காட்டும் சாயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சைட்டோகெரட்டினும் பாக்ஸ்8-உம் ஏறவில்லை, படத்தில் சிறுநீரகமும் சுத்தம். சிறுநீரகப் புற்று விலகியது. சினாப்டோஃபைசினும் குரோமோகிரானினும் ஏறாததால் பாராகாங்லியோமா இல்லை. எஸ்100 ஏறாததால் குருணைச் செல் கட்டி இல்லை. எச்எம்பி45-உம் மெலான்-ஏ-யும் ஏறாததால் மெலனோமாவும் பெகோமாவும் இல்லை. மயோடி1 நியூக்ளியஸில் ஏறவில்லை, சைட்டோபிளாசத்தில் மட்டும் அழுக்காகப் பிடித்திருந்தது. இந்தக் கட்டியில் அது வழக்கமான பொய்த்தோற்றம். பார்த்துப் பழகாதவர்கள், பெயரிலும் ஆல்வியோலார் இருக்கிறதே என்று ராப்டோமயோசர்கோமா என்ற தசைப் புற்றின் பக்கம் போய்விடலாம். கடைசியாக டிஎஃப்இ3. ஸ்லைடு முழுக்க நியூக்ளியஸ்கள் அடர் பழுப்பில் கறுத்திருந்தன.

டிஎஃப்இ3 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இந்தக் கட்டியில் அது உடைந்து, 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஏஎஸ்பிஎஸ்சிஆர்1 மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. 2001-இல் அடையாளம் காணப்பட்ட இணைப்பு இது. பிறக்கும் கலப்புப் புரதம், மற்ற வேலைகளோடு, ரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணுக்களையும் முடுக்கிவிடுகிறது. கட்டி தன் தெருக்களைத் தானே போட்டுக்கொள்கிறது. பெண்களிடம் இது சற்று அதிகம் வருவதற்கு அவர்களிடம் இரண்டு எக்ஸ் இருப்பதும் ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. மரபணு உடைப்பைக் காட்டும் ஃபிஷ் சோதனையில் டிஎஃப்இ3 உடைந்திருப்பது உறுதியானது. இதே இரு மரபணுக்களும் இணைந்து சிறுநீரகத்திலும் ஒரு புற்றை உண்டாக்கும் என்பதால், மரபணு முடிவு கைக்கு வந்த பிறகும் சிறுநீரகப் படத்தை மேடம் ஒருமுறை திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார். படமும் திசுவும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

இந்த நோயை 1952-இல் நியூயார்க்கில் கிறிஸ்டோஃபர்சன், ஃபூட், ஸ்டூவர்ட் மூவரும் முதன்முதலாகத் தனி நோயாக விவரித்தார்கள். எந்த இயல்புச் செல்லிலிருந்து இது தொடங்குகிறது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் இது "எதுவாக வளர்கிறது என்று உறுதியில்லாத கட்டிகள்" வரிசையில்தான் நிற்கிறது.

அறுவையும் நுரையீரலும்

வீட்டில் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா, அப்பா, அப்பத்தா, பலகார வீட்டு ஆச்சி என நால்வரும் வந்திருந்தார்கள். முதலில் நான் எழுதியது தவறு என்பதைத்தான் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. "நான் நீவுனதுனால பரவிருச்சாய்யா?" என்று அப்பத்தா கேட்டார். இல்லை அப்பத்தா, நீங்கள் நீவுவதற்கு முன்பே அது வளரத் தொடங்கிய நோய் என்றேன். அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "காலை எடுக்கணுமா?" எடுக்க வேண்டியதில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. தொடைத் தமனிக்கும் கட்டிக்கும் நடுவே எம்ஆர்ஐயில் தெரிந்த அந்த மெல்லிய கொழுப்பு அடுக்கு தந்த உறுதி அது.

அதிகாலைப் பல்லவன் ரயிலில் சென்னை போனார்கள். வைகாசியில் அறுவை. முதல் நாள் ஆழ்தொடைத் தமனியின் ஊட்டக் கிளைகளைக் கதீட்டர் வழியாக அடைத்தார்கள். மறுநாள் உட்பக்கத் தசையின் பெரும்பகுதியோடும் ஊசித் தடத்தோடும் கட்டியை ஒரே துண்டாக எடுத்தார்கள். வெட்டிப் பார்த்தபோது 7.5 செ.மீ. கட்டி, மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், நடுவில் ரத்தக் கசிவு, உறையைச் சுற்றிச் சுண்டுவிரல் பருமனில் சிரைகள். விளிம்புகள் எல்லாம் சுத்தம், மிக நெருங்கிய இடத்தில் 11 மி.மீ. இடைவெளி. விளிம்புச் சிரை ஒன்றுக்குள் கட்டியின் செல்கூட்டம் ஒன்று அப்படியே மிதந்துகொண்டிருந்தது. அந்த ஸ்லைடின் படத்தை எனக்கு அனுப்பினார்கள். பிரியும் செல் அபூர்வமாகவே அகப்படும் இந்தக் கட்டி ஏன் இத்தனை சீக்கிரம் நுரையீரலுக்குப் போகிறது என்பதற்கு அந்த ஒரு படம் போதும். இது வேகத்தால் பரவுவதில்லை. வாசலைத் திறந்து சிரைக்குள்ளேயே குடியிருக்கிறது. தனியாகத் தரம் போடாமல், இயல்பிலேயே உயர்தரச் சர்கோமாவாகக் கொள்வதும் அதனால்தான்.

தொடைக்கு 30 தவணைகளில் 60 கிரே கதிர்வீச்சு. வழக்கமான கீமோதெரபி கொடுக்கவில்லை. டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கட்டி பெரும்பாலும் மசிவதில்லை. நுரையீரல் முடிச்சுகளை மூன்று மாத இடைவெளியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஐப்பசியில் வலது முடிச்சு 9 மி.மீ., இடது 5 மி.மீ. புதிதாக எதுவும் இல்லை. கார்த்திகையில் இரண்டையும் துளைவழி அறுவையில் எடுத்தார்கள். இரண்டிலும் அதே முற்றம், அதே தெருக்கள், அதே டிஎஃப்இ3.

இந்த நோயின் நீண்ட காலக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 1989-இல் வெளிவந்த நியூயார்க் தொகுப்பில், கண்டறிந்தபோது பரவாமல் இருந்தவர்களில் 5 ஆண்டு தாண்டியவர்கள் 60%, 10 ஆண்டு தாண்டியவர்கள் 38%, 20 ஆண்டு தாண்டியவர்கள் 15%. மற்ற சர்கோமாக்களில் 5 ஆண்டு கடந்தால் ஓரளவு மூச்சு விடலாம். இதில் பதினைந்தாம் ஆண்டிலும் ஒரு முடிச்சு முளைக்கலாம். அதே நேரம், பரவிய நோயோடு பல ஆண்டு வேலை செய்து வாழ்பவர்களும் இந்த நோயில்தான் அதிகம். அந்தத் தொகுப்பு வந்த காலத்தில் இல்லாத மருந்துகளும் இன்று இருக்கின்றன. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சுனிட்டினிப், பசோபனிப் ஆகியவை கட்டியின் தெருக்களையே குறிவைப்பவை. நோயெதிர்ப்பைத் தூண்டும் அட்டெசோலிசுமாப் 52 பேரிடம் பரிசோதிக்கப்பட்டு 37% பேரிடம் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கென்றே அது அனுமதி பெற்றது. இவருக்கு இப்போது எந்த மருந்தும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறோம். இந்த இடத்தில் "தேவைப்பட்டால்" என்ற சொல்லை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது.

நுரையீரல் அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுச் சிடி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடை எம்ஆர்ஐ, ஆண்டுக்கு ஒருமுறை மூளை எம்ஆர்ஐ. தொடைத் தழும்பின் கீழ், கதிர்வீச்சால் வந்த மெல்லிய நீர்க்கோப்பு டி2-இல் தெரிகிறது. திரளாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய படங்களை, அந்த ஆடி மாத டாப்ளர் உட்பட, பக்கத்தில் திறந்து வைத்தே படிக்கிறேன்.

முழங்காலை நீட்டும் வலு கொஞ்சம் குறைந்திருக்கிறது. படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். சம்மணம் போட முடிகிறது, நெடுநேரம் முடியவில்லை. ஆச்சி அவருக்காக இடுப்புயர மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு முறுக்கு சுற்றுகிறார். போன மாசியில் சிடிக்கு வந்தபோது ஒரு சம்படம் கொண்டுவந்தார். ஏழு சுற்று முறுக்கு, ஒன்றுகூட உடையாமல். அந்தச் சிடியில் நுரையீரல் சுத்தம். அடுத்தது வைகாசியில்.